நகராட்சி சோலாருக்குக் கடன் பத்திரம்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 பிப்ரவரியில் இந்தூர் மாநகராட்சி 244 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. வங்கிகளுக்கு மட்டுமல்ல, 10,000 ரூபாய் வைத்திருந்த சாதாரண ஆட்களுக்கும் விற்றது. ஆண்டு வட்டி 8.25 சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கேட்டு வந்த தொகை சுமார் 720 கோடி. அந்தப் பணம் ஜலூத் என்ற ஊரில் 60 மெகாவாட் சோலார் நிலையம் அமைப்பதற்கு. ஜலூத்தில் ஏன் என்றால், இந்தூருக்கு நர்மதைத் தண்ணீர் அங்கிருந்துதான் சுமார் 70 கிலோமீட்டர் ஏறிப் போகிறது. அந்த மோட்டார்களின் கரண்ட் பில்தான் மாநகராட்சியின் தலைவலி.

நமக்கு இது புதுக் கதை இல்லை. ஒகேனக்கல்லில் காவிரியை எடுத்து தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வரைக்கும் ஏற்றித்தான் குடிக்கிறோம். ஜப்பான் கடனில் கட்டி 2013-இல் திறக்கப்பட்ட அந்தத் திட்டம் குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில் இருக்கிறது, நகராட்சிகளின் கையில் இல்லை. ஆனால் தண்ணீர் ஊருக்கு வந்த பிறகு அதை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவதும், ராத்திரி தெருவிளக்கு எரிவதும் நகராட்சியின் செலவு. அதனால், 'இந்தூர் மாதிரி நாமும் பத்திரம் போட்டு சோலார் வைக்கலாமே' என்று மன்றக் கூட்டத்தில் யாராவது கேட்டால் அது வீண் பேச்சு இல்லை. அப்படிக் கேட்க நினைக்கும் புது வார்டு உறுப்பினர்கள், நகராட்சி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், வரி கட்டுகிற பொதுமக்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் பக்கத்தில் ஓய்வுபெற்றவர்கள் பலர் 'பவர் பின்'னில் பணம் போட்டிருப்பார்கள். அது தமிழ்நாடு மின் நிதி நிறுவனம் வாங்கும் வைப்புத்தொகை. மாநில அரசின் நிறுவனம் அது, உள்ளாட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மின்வாரியம் தன் மின் நிலையங்களுக்கும் கம்பிகளுக்கும் வாங்கும் கடன் வேறு கணக்கு. இங்கே பேசப்போவது நகராட்சியோ மாநகராட்சியோ தன் பெயரில், தன் வரவை நம்பி வாங்கும் கடன்.

அந்தக் கடனில் எந்த மின் திட்டத்தைச் செய்யலாம்? தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கரண்ட் விற்பது மின் பகிர்மானக் கழகத்தின் வேலை. திருச்சூர் மாநகராட்சி தன் ஊரின் ஒரு பகுதிக்குத் தானே மின்சாரம் வழங்குகிறது, மும்பையில் மாநகராட்சியின் பெஸ்ட் நிறுவனம் அப்படிச் செய்கிறது. இரண்டும் பழைய காலத்திலிருந்து தொடரும் விதிவிலக்குகள். அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணை நகராட்சிக்குத் தெருவிளக்கையும் குடிநீரையும் ஒதுக்குகிறது, மின் விநியோகத்தை ஒதுக்கவில்லை. ஆக நம் ஊர் நகராட்சி மின் திட்டம் என்றால் தன் கரண்ட் பில்லைத் தானே குறைத்துக்கொள்ளும் திட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். கடனை அடைக்கப் புதிதாக எந்தப் பணமும் உள்ளே வராது. மிச்சமாகும் பில் தொகையில்தான் அடைக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

முதல் படி: பில் கட்டை அவிழ்ப்பது

பத்திரம், செபி (பங்கு, பத்திரச் சந்தையைக் கட்டுப்படுத்தும் மத்திய அமைப்பு), ரேட்டிங் (கடனைத் திருப்பித் தரும் தெம்புக்குக் கொடுக்கும் தர மதிப்பீடு) எல்லாம் பிறகு. 12 மாத மின் கட்டண விவரத்தை, ஒவ்வொரு இணைப்பு எண் வாரியாக, பொறியியல் பிரிவில் கேட்டு வாங்குங்கள். அதை மூன்றாகப் பிரியுங்கள்: தெருவிளக்கு, குடிநீர் மற்றும் கழிவுநீர் மோட்டார்கள், அலுவலகம், சந்தை, பேருந்து நிலையம் போன்ற கட்டடங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் யூனிட் எவ்வளவு, அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு, நிலையான கட்டணம் எவ்வளவு, தாமதத்துக்குப் போட்ட தண்டத் தொகை எவ்வளவு என்று தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

இதில் உட்கார்ந்தால் விநோதமான சங்கதிகள் கிடைக்கும். நம் மாவட்டங்களில் வறண்டுபோன போர்வெல்லுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் நின்ற பிறகும் அந்த இணைப்பு உயிரோடு இருந்தால், ஒரு யூனிட்டும் ஓடாமலே நிலையான கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். ஐந்து குதிரைத்திறன் போதும் என்ற இடத்தில் பழைய பத்துக் குதிரைத்திறன் மோட்டார் ஓடும். இதையெல்லாம் சரிசெய்ய ஒரு மனு போதும், கடன் தேவையில்லை. இதைச் செய்யாமல் சோலாருக்குப் போவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற வேலை.

தெருவிளக்குப் பத்தியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அந்த யூனிட்டெல்லாம் ராத்திரி ஓடியவை. சோலார் தருவது பகலில். பகலில் மின்தொகுப்புக்குக் (பொது மின்கம்பி வலைக்கு) கொடுத்ததை ராத்திரி எரிந்ததோடு எப்படிக் கழிப்பார்கள், அதற்கு என்ன கட்டணம் பிடிப்பார்கள் என்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அப்போதைய உத்தரவைப் பொறுத்தது. அந்த உத்தரவைப் படிக்காமல் 'ஊர் விளக்கெல்லாம் இனி சூரியன் கணக்கு' என்று மேடையில் பேசிவிடக் கூடாது. தெருவிளக்கில் மிச்சம் பிடிக்க எல்இடிக்கு மாற்றுவதுதான் நேர்வழி. மோட்டார் சங்கதி வேறு. தொட்டி நிரப்பும் நேரத்தைக் காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்று மணிக்குள் கொண்டுவர முடிந்தால் சோலாரும் மோட்டாரும் ஜோடி சேரும். அதனால் எந்தெந்த மோட்டாரைப் பகலுக்கு மாற்றலாம் என்று மோட்டார் இயக்குபவரிடமே கேளுங்கள். கோப்பில் இல்லாத பதில் அவரிடம் இருக்கும்.

இன்னொன்று, அலுவலகத்துக்கு வெளியே இருப்பவர்கள் பலருக்கும் தெரியாதது. நகராட்சிப் பணம் ஒரே பெட்டியில் இல்லை. வருவாய் நிதி தனி, குடிநீர் வடிகால் நிதி தனி, கல்வி நிதி தனி. தெருவிளக்கு பில் குறைந்தால் வருவாய் நிதியில் மிச்சம், மோட்டார் பில் குறைந்தால் குடிநீர் நிதியில் மிச்சம். கடன் தவணை எந்த நிதியிலிருந்து போகிறது என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வைக்காவிட்டால், ஒரு பக்கம் மிச்சம் கரைந்து போகும், இன்னொரு பக்கம் தவணைக்குப் பணம் இருக்காது.

இரண்டாம் படி: ஒரு தாளில் கணக்கு

தோராயமான எண்கள் போதும். நம் பகுதியில் ஒரு மெகாவாட் சோலார் ஆண்டுக்குச் சுமார் 15 அல்லது 16 லட்சம் யூனிட் தரும். நான்கைந்து ஏக்கர் நிலம் வேண்டும். செலவு, நிலம் தவிர, நான்கு கோடியிலிருந்து ஐந்து கோடி வரை.

உதாரணத்துக்கு 5 மெகாவாட் என்று வைப்போம். செலவு 22 கோடி, ஆண்டுக்கு 80 லட்சம் யூனிட். முழுவதும் 8 சதவீத வட்டியில் பத்து வருடக் கடன் என்றால் ஆண்டுத் தவணை சுமார் 3 கோடியே 28 லட்சம். கம்பி வழியாகக் கொண்டுவரும் கட்டணம், இழப்பு, பராமரிப்பு எல்லாம் போக யூனிட்டுக்கு 6 ரூபாய் மிஞ்சினால் ஆண்டுக்கு 4 கோடியே 80 லட்சம். தாராளம். அதே மிச்சம் யூனிட்டுக்கு 4 ரூபாய் என்றால்? 3 கோடியே 20 லட்சம். தவணைக்கே எட்டு லட்சம் உதைக்கிறது. சூரியன், நிலம், பேனல் எதுவும் மாறவில்லை, யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் மட்டும் மாறியிருக்கிறது. போதாக்குறைக்குப் பேனலின் உற்பத்தியும் ஆண்டுக்கு அரை சதவீதமோ அதற்குச் சற்று மேலோ தேய்ந்துகொண்டே போகும். ஆலோசகர் கொண்டுவரும் திட்ட அறிக்கையில் 'யூனிட்டுக்கு மிச்சம்' என்ற அந்த ஓர் எண்ணைத் தேடிப்பிடித்து, அது எப்படி வந்தது என்று கேளுங்கள்.

சட்டத்திலும் ஒரு கதவு இருக்கிறது. தன் சொந்த உபயோகத்துக்கான மின் நிலையம் என்றால், குறைந்தது 26 சதவீதப் பங்கு உபயோகிப்பவர் கையில் இருக்க வேண்டும், உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவரே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டு மின்சார விதி. நகராட்சியே முழு உரிமையாளர் என்றால் பங்குக் கேள்வி எழாது, உபயோகக் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பசுமை மின்சாரத்தை மின்தொகுப்பு வழியாக எடுக்க 100 கிலோவாட் மின்பளு வேண்டும் என்கிறது 2022-ஆம் ஆண்டு விதி. பிறகு வந்த திருத்தம் ஒரே மின் கோட்டத்துக்குள் இருக்கும் பல சிறு இணைப்புகளைச் சேர்த்து 100 கிலோவாட் காட்டவும் அனுமதிக்கிறது. நம் நகராட்சிகளின் இணைப்புகள் பெரும்பாலும் சிறிசு சிறிசாகத்தான் இருக்கும் என்பதால் இந்தத் திருத்தம் நமக்கு முக்கியம்.

மூன்றாம் படி: பத்திரம்தான் வேண்டுமா?

இந்த இடத்தில் என் கருத்தை ஒளிக்கப் போவதில்லை. 22 கோடிக்காகத் தருமபுரி நகராட்சியோ கிருஷ்ணகிரி நகராட்சியோ தனியாகச் சந்தைக்குப் போவது வேண்டாத வேலை. ரேட்டிங் கட்டணம், வெளியீட்டை நடத்தித்தரும் வணிக வங்கியாளர் (மெர்ச்சன்ட் பேங்கர்), பத்திரம் வாங்கியவர்களின் சார்பில் கண்காணிக்கும் டிரஸ்டி, வழக்கறிஞர், பங்குச்சந்தைப் பட்டியல் கட்டணம் என்று வரும் செலவுகளில் பாதி, கடன் 20 கோடியானாலும் 200 கோடியானாலும் வந்தே தீரும். புனே 2017-இல் 200 கோடி, லக்னோ 2020-இல் 200 கோடி, காசியாபாத் 2021-இல் 150 கோடி, சென்னை மாநகராட்சி 2025-இல் 200 கோடி என்று போனவர்கள் எல்லாம் பெரிய கை.

சின்ன ஊருக்கு வேறு வழிகள் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 1 கோடியே 55 லட்சத்துக்கு வாங்கியது. கொஞ்சம் சொந்தச் சேமிப்பு, மிச்சம் வங்கிக் கடன். பத்திரமும் இல்லை, ரேட்டிங்கும் இல்லை. நகராட்சிகளுக்குக் கடன் கொடுக்கவே தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும், மாநில அரசின் நகர்ப்புற நிதி நிறுவனமான டுபிட்கோவும் இருக்கின்றன. முதலில் தட்ட வேண்டிய கதவுகள் அவைதான்.

சந்தைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் கூட்டாகப் போகலாம். இதற்கு நாட்டுக்கே முன்மாதிரி தமிழ்நாடுதான். 2002-இல் 13 சிறிய, நடுத்தர நகராட்சிகளின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, ஒரு தொகுப்பு நிதியத்தின் பெயரில் 30 கோடியே 41 லட்ச ரூபாய்க்கு 15 வருடப் பத்திரம் விற்றார்கள். வட்டி 9.2 சதவீதம். தனித்தனியாகப் போயிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏதாவது ஒரு ஊர் தவணை தவறினால், மாநில அரசு அந்த ஊருக்குத் தர வேண்டிய நிதிப் பகிர்விலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு, அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் உதவி முகமை கொடுத்த உத்தரவாதம் ஆகிய இரண்டும்தான் வாங்கியவர்களுக்குத் தைரியம் கொடுத்தன. ஓசூர் மாநகராட்சியை முன்னால் நிறுத்தி, கிருஷ்ணகிரி, தருமபுரி, அப்புறம் பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை போன்ற பேரூராட்சிகளைப் பின்னால் சேர்த்து ஒரே சோலார் திட்டம் என்றால் அது யோசிக்கத்தக்க அளவு. தொழில் வரியும் சொத்து வரியும் வைத்துப் பார்த்தால் தனியாகப் பத்திரம் போட இந்த இரு மாவட்டத்தில் தெம்புள்ள ஊர் ஓசூர் ஒன்றுதான்.

நான்காம் படி: கணக்குப் புத்தகம்

செபி 2015-இல் நகராட்சிப் பத்திரங்களுக்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. அதன் சாரம்: முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத் தேசிய நகராட்சிக் கணக்குக் கையேட்டின்படியோ மாநிலம் ஏற்றுக்கொண்ட அதற்கு இணையான முறையிலோ கணக்கு இருக்க வேண்டும். கடந்த 365 நாட்களில் எந்தக் கடனிலும் தவணை தவறியிருக்கக் கூடாது. வரவு செலவில் உபரி காட்டியிருக்க வேண்டும். இரட்டைப் பதிவு முறைக்குத் தமிழ்நாட்டு நகராட்சிகள் 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே மாறிவிட்டதால் முறை நமக்குப் பழக்கமானதுதான். சிக்கல் வருவது தணிக்கை தாமதத்தில். மூன்று வருடத்துக்கு முந்தைய தணிக்கைத் தடைகள் (தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்கள்) இன்னும் பதில் இல்லாமல் கிடந்தால், அதைத் தீர்ப்பதே உங்கள் ஐந்தாறு மாத வேலை.

ஐந்தாம் படி: தீர்மானம், அனுமதி

மன்றத் தீர்மானத்தில் தொகை, காலம், எந்த வரவைப் பிணையாக ஒதுக்குகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 'ஆணையருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டால், பிறகு கேள்வி கேட்க உறுப்பினர்களுக்கு இடமில்லாமல் போகும். உள்ளாட்சிகள் கடன் வாங்குவதற்கு 1914-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. மாநில அரசின் அனுமதி இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. நகராட்சி நிர்வாக இயக்குநரகம் வழியாகக் கோப்பு போகும்.

ஆறாம் படி: ரேட்டிங்

ரேட்டிங் நிறுவனத்தார் வந்தால் சோலார் பேனலைப் பற்றி அதிகம் கேட்க மாட்டார்கள். சொத்து வரி கேட்பில் (கட்டச் சொன்ன தொகையில்) எத்தனை சதவீதம் வசூல், நிலுவை எத்தனை வருடப் பழசு, சொந்த வரவு எவ்வளவு, அரசு மானியத்தை நம்பியிருப்பது எவ்வளவு, மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் பாக்கி எவ்வளவு என்றுதான் குடைவார்கள். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் மட்டும் வசூல் குவிகிற ஊர் என்றால் அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தூர் பத்திரத்துக்கு ஏஏ பிளஸ், ஏஏ என்று இரண்டு நிறுவனங்கள் தரம் கொடுத்தன. அது வசூலுக்குக் கிடைத்த மதிப்பெண், வெயிலுக்குக் கிடைத்தது அல்ல.

ஏழாம் படி: எஸ்க்ரோ

எஸ்க்ரோ என்பது ஒப்பந்தத்தில் சொன்னபடி மட்டுமே பணத்தை எடுக்க முடிகிற தனி வங்கிக் கணக்கு. இதுதான் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு. கிருஷ்ணகிரிக்காரருக்கு மாந்தோப்புக் குத்தகை தெரியும். வியாபாரி பூப் பிடிக்கும்போதே முன்பணம் கொடுக்கிறார், அந்தத் தோப்பின் காயை நம்பி. காய் குறைந்தால் விவசாயியின் வீட்டைக் கேட்க முடியாது. ஒரு குறிப்பிட்ட வரவை மட்டும் நம்பி வெளியிடும் பத்திரம் இந்த வகை. நகராட்சியின் மொத்த வரவையும் நம்பி வெளியிடுவது இன்னொரு வகை. பொதுமக்களுக்கு விற்பதென்றால் குறிப்பிட்ட வரவு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது செபியின் எண்ணம்.

நடைமுறையில் இப்படி: ஒதுக்கப்பட்ட வரி வரவு, உதாரணமாகச் சொத்து வரி, நேராக எஸ்க்ரோ கணக்கில் விழும். அதிலிருந்து மாதாமாதம் வட்டிக்கான பங்கு ஒரு கணக்குக்கும், அசலைத் திருப்புவதற்கான பங்கு இன்னொரு கணக்குக்கும் போகும். அவசரத்துக்கு ஒரு கையிருப்புக் கணக்கும் உண்டு. இதெல்லாம் போன பிறகே மீதி நகராட்சியின் கைக்கு வரும். அதாவது தூய்மைப் பணியாளர் சம்பளத்துக்கு முன்னால் பத்திரக்காரரின் வட்டி வரிசையில் நிற்கிறது. மன்ற உறுப்பினர் கையைத் தூக்கும் முன் யோசிக்க வேண்டிய இடம் இது. எந்த மாதத்திலாவது வசூல் படுத்துவிட்டால் எந்தச் செலவு தள்ளிப்போகும் என்று கணக்காளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எட்டாம் படி: விற்பனை

இங்கிருந்து வேலை உங்கள் கையை விட்டு வணிக வங்கியாளரிடம் போகிறது. செபியில் பதிவுபெற்ற டிரஸ்டி ஒருவர் பத்திரம் வாங்கியவர்களின் சார்பில் கண்காணிப்பார். சென்னை மாநகராட்சி செய்ததுபோல நிறுவனங்களுக்கு மட்டும் மின்னணு ஏலத்தில் விற்கலாம், அதற்கு 7.97 சதவீத வட்டி நின்றது. இந்தூர் மாதிரி பொதுமக்களுக்கும் விற்கலாம். சின்ன உள்ளாட்சிக்கு முதல் வழியே சுருக்கம். பசுமைப் பத்திரம் (சுற்றுச்சூழல் திட்டத்துக்கென்றே வாங்கும் கடன்) என்று பெயர் வைத்தால், பணம் எங்கே போனது என்று தனியாகக் கணக்குக் காட்டும் கூடுதல் பொறுப்பும் சேரும்.

மத்திய அரசின் ஊக்கத்தொகையையும் விசாரியுங்கள். அம்ருத் என்ற நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் முதல்முறை பத்திரம் வெளியிடும் நகராட்சிக்கு ஒவ்வொரு 100 கோடிக்கும் 13 கோடி, அதிகபட்சம் 26 கோடி என்று வைத்திருந்தார்கள். திட்டக் காலமும் நிபந்தனையும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் என்ன நிலவரம் என்று கேட்டுக்கொண்டுதான் அதை வரவில் சேர்க்க வேண்டும். ஊக்கத்தொகை வந்தால்தான் திட்டம் கட்டுப்படும் என்றால் அந்தத் திட்டம் கட்டுப்படாது.

பத்திரம் வாங்க நினைப்பவர்களுக்கு

இது தனிச் சங்கதி, சுருக்கமாகச் சொல்கிறேன். டிமேட் கணக்கு (பத்திரங்களை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) வேண்டும். நம்மூர் பத்திரம்தான் வர வேண்டும் என்றில்லை, பட்டியலிடப்பட்ட எந்த ஊர்ப் பத்திரத்தையும் தருமபுரியில் உட்கார்ந்தே வாங்கலாம். இந்தூர் பத்திரத்தில் ஒவ்வொரு ஆயிரம் ரூபாயும் நான்கு 250 ரூபாய்த் துண்டுகளாக, 3, 5, 7, 9 வருடங்களில் திரும்பக் கிடைக்கும்படி அமைத்திருந்தார்கள். பாதியில் பணம் தேவைப்பட்டால் சந்தையில் விற்றுத்தான் எடுக்க வேண்டும். நகராட்சிப் பத்திரங்களில் வாங்க ஆள் கிடைப்பது அரிது, ஆகவே அடுத்த வருடம் பெண் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள். வட்டி உங்கள் வருமானத்தில் சேரும், வரி உண்டு. வரியில்லாப் பத்திரம் என்று யாராவது சொன்னால், அந்த வெளியீட்டுக்கு வருமான வரித் துறையின் அறிவிக்கை இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். வெளியீட்டு ஆவணம் நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். எஸ்க்ரோ பகுதியையும், சொத்து வரி வசூல் அட்டவணையையும், டிரஸ்டி யார் என்பதையும் மட்டுமாவது படித்துவிட்டுப் பணம் போடுங்கள்.